ஓடாத நாளில் அவளுக்கு என்ன நேர்கிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலியின் தெருக்களுக்குள் வந்தபோது, எங்கள் பள்ளி மைதானமும் இடுப்பளவு தண்ணீருக்குள் போயிற்று. வெள்ளம் வடிந்து, ஓடுபாதையில் படிந்த சேற்றை ஆட்களை வைத்து வாரிக்கொண்டிருந்த நாளில் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கு 1500 மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கித் தந்துகொண்டிருந்தவள். மழையில் வீட்டுக்கு ஏதும் சேதமா என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

"ரோடு பூரா தண்ணி நிக்கி, கரண்டும் இல்ல. இவ ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு மாடிப்படியில ஏறி எறங்கிக்கிட்டு இருக்கா டீச்சர். எண்ணிக்கிட்டே ஏறுதா. நான் போயி கையப் பிடிச்சா, எண்ணிக்கை விட்டுப்போச்சேன்னு அழுதுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கா. நீங்கதான் அப்படிச் செய்யச் சொன்னீங்களோ?"

நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு, காலை வணக்கக் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்து, ஒருநாள்கூடப் பயிற்சியைத் தவறவிடாத பெண் என்று ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் கைதட்ட வைத்தவள் நான்தான். பத்தொன்பது ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு, உடற்பயிற்சியே ஒரு பிள்ளைக்கு உணவுக் கோளாறு என்ற நோயின் முகமாக இருக்க முடியும் என்பது அன்றுவரை தெரியாது. அந்தப் பெண் இப்போது கல்லூரி முதலாண்டில் இருக்கிறாள். பெயரும் ஊர்ப்பகுதியும் இல்லாமல் இதை எழுதிக்கொள்ளலாம் என்று அவளும் அவளுடைய அம்மாவும் சொன்ன பிறகே எழுதுகிறேன். எடைக் கணக்கையோ கலோரிக் கணக்கையோ எங்கும் எழுதப் போவதில்லை. இந்த நோயில் இருக்கும் பிள்ளைகள் எண்களை எச்சரிக்கையாகப் படிப்பதில்லை, எட்ட வேண்டிய இலக்காகப் படிக்கிறார்கள் என்பதை அவளே எனக்குச் சொல்லித் தந்தாள்.

அந்த ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவளுடைய ஓட்ட நேரம் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. உணவைக் குறைத்து உடல் இளைக்கத் தொடங்கும் முதல் சில மாதங்களில் நீண்ட தூர ஓட்டக்காரர்கள் பலருக்கு நேரம் உண்மையிலேயே மேம்படும். பொறி அங்கேதான் இருக்கிறது. ஓடுகிறவளுக்கும் பயிற்சி கொடுக்கிறவருக்கும் அது சரியான பாதை என்ற நம்பிக்கையை அந்த மாதங்கள் கொடுத்துவிடுகின்றன. வருவாய் மாவட்டப் போட்டியில் அவள் இரண்டாமிடம் வந்தாள். அதற்குப் பிறகு நேரம் தேங்கியது. அக்டோபரில் பின்வாங்கத் தொடங்கியது. அவளோ இன்னும் கூடுதலாக ஓடினாள்.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாமே கண்ணுக்கு முன்னால்தான் நடந்திருக்கிறது. ஆறு மணிப் பயிற்சிக்கு அவள் ஐந்தேகாலுக்கே வந்து தனியாக ரவுண்டு அடித்துக்கொண்டிருப்பாள். எல்லோரும் ஸ்பைக்ஸைக் கழற்றிய பிறகும் பை வைக்கும் இடத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. செப்டம்பர் வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாள். போட்டியன்று நெஞ்சில் எண்ணட்டை குத்திவிடும்போது அவளுடைய விரல்கள் என் கையில் பட்டன. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது போல இருந்தன. முன்கையில் பூனைமயிர் அடர்ந்திருந்ததைப் பார்த்தேன், வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். கொழுப்பு கரைந்துபோன உடல் தன் சூட்டைக் காத்துக்கொள்ள முயலும்போது அப்படி மென்மையான முடி வளரும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். போட்டி முடிந்து வாங்கிக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு மறுநாள் தானே சுட்ட அதிரசத்தைத் தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து அணிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டு, ஒவ்வொருத்தி சாப்பிடுவதையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அந்த அதிரசம் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு, பசி மனிதனை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். நல்ல உடல்நலமும் மனநலமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். சில வாரங்களிலேயே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டிலிருந்த கொஞ்ச உணவை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து உண்டார்கள், சிடுசிடுப்பும் மனச்சோர்வும் கொண்டவர்களானார்கள். பட்டினி கிடக்கும் மூளை எவருடையதாக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று தெரிந்தபோது, பிடிவாதம் என்றும் நடிப்பு என்றும் அவளுடைய வீட்டார் நினைத்திருந்த பல செயல்களுக்கு எனக்கு வேறு பொருள் கிடைத்தது.

சரி, பசித்தவன் சோர்ந்து படுக்கத்தானே செய்வான், இவள் எப்படி ஓடினாள்? இந்தக் கேள்வி நூற்றைம்பது ஆண்டுப் பழையது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் உடல் இளைக்க இளைக்க உணவை மறுக்கும் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தபோதே, எலும்பும் தோலுமான தன் நோயாளிகள் ஓயாமல் நடமாடுவதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். 1967-இல் ரூட்டன்பெர்க், குஸ்னெசாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளுக்கு நாளில் ஒரு மணி நேரம் மட்டும் இரை வைத்து, கூண்டில் ஓடுவதற்கு ஒரு சக்கரத்தையும் வைத்தார்கள். சக்கரம் இல்லாத எலிகள் அந்த ஒரு மணி நேரத்தில் வேண்டியதைத் தின்னப் பழகி உயிர் பிழைத்தன. சக்கரம் இருந்த எலிகளோ நாளுக்கு நாள் அதிகமாக ஓடின, வைத்த இரையையும் குறைவாகவே தின்றன, எடை குறையக் குறைய இன்னும் வேகமாக ஓடின. விட்டிருந்தால் ஓடியே செத்திருக்கும், பல செத்தும் போயின. எலிக்கு அழகு பற்றிய கவலையோ இன்ஸ்டாகிராமோ இல்லை. உணவு குறைந்த உடலில் ஓடும் வேகத்தைக் கிளப்பிவிடும் ஏதோ ஒரு பழைய உயிரியல் விசை இருக்கிறது என்பதும், மனவுறுதியால் மட்டும் அதை அணைத்துவிட முடியாது என்பதும் அந்தக் கூண்டிலிருந்து எனக்கு விளங்கின. "ஓடாம இருடி, அவ்வளவுதானே" என்று நாங்கள் எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது எத்தனை பயனற்ற பேச்சு!

2024 ஜனவரியில் இரண்டு முழங்காலுக்குக் கீழும் வலி தாங்க முடியாமல் போனது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தபோது இரண்டு கால்களின் முன்னெலும்பிலும் ஹேர்லைன் ஃபிராக்சர். எலும்பு மருத்துவர் ஆறு வாரம் ஓய்வும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இரண்டு காலிலும் எலும்பில் விரிசல் விழுகிறதே, மாதவிடாய் சரியாக வருகிறதா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவள் நான்; நானும் ஒரு பெண், தினமும் அவளைப் பார்த்தவள், ஆனாலும் கேட்கவில்லை. எட்டு மாதமாக வரவில்லை என்பது அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். வேறொரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேனில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லி, இனிப்பைக் குறைக்கவும் நன்றாக உடற்பயிற்சி செய்யவும் அறிவுறுத்தி, மாதவிடாய் வருவதற்கு ஹார்மோன் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அவள் கையில் அதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டை யாரும் கொடுத்திருக்க முடியாது.

அந்த மருத்துவரை வில்லன் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பட்டினியாலும் மிகுபயிற்சியாலும் மாதவிடாய் நின்ற பெண்ணின் சினைப்பையும் ஸ்கேனில் பல சிறு பைகளோடு தெரியக்கூடும். நம் ஊரில் மாதவிடாய் தவறும் பெண்பிள்ளைகளில் நீர்க்கட்டிக்காரர்கள் ஏராளம். ஆனால் எவ்வளவு சாப்பிடுகிறாய், எவ்வளவு ஓடுகிறாய் என்ற இரண்டு கேள்விகள் அங்கே விழுந்திருந்தால் பாதை மாறியிருக்கும். மாத்திரையால் வரும் உதிரப்போக்கைப் பார்த்துவிட்டு உடல் சரியாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. எலும்புக்கு அது காவல் ஆகாது.

இதன் உள்கணக்கு எளிமையானது. வருகிற சம்பளத்தில் கடன் தவணை போக மிஞ்சுவதில்தான் வாடகையும் மளிகையும் பிள்ளைகளின் கட்டணமும் நடக்க வேண்டும் என்பதுபோல, உண்ணும் உணவில் பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சுவதில்தான் இதயமும் மூளையும் உடல் வெப்பமும் எலும்பு வளர்ச்சியும் மாதவிடாயும் நடக்க வேண்டும். மிச்சம் சுருங்கினால், இன்றைய உயிருக்கு அவசியமில்லாத செலவை உடல் முதலில் வெட்டுகிறது. கருவுறும் ஆற்றல் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதால் மாதவிடாய் நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, எலும்பு உருவாவது தடைப்படுகிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சேர்த்துக்கொள்ளும் எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதால், இந்த வயதில் இழந்த சேமிப்பை முப்பது வயதில் உட்கார்ந்து முழுவதும் ஈடுசெய்ய இயலாது. உணவுக் குறைபாடு, மாதவிடாய் நிற்றல், எலும்பு நலிவு என்ற மூன்றையும் ஒரே கயிற்றின் முடிச்சுகளாக 1992-லேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, இது பெண்களுக்கு மட்டும் வருவதில்லை என்றும், இதயம், நோயெதிர்ப்பு, மனநிலை வரை எல்லாவற்றையும் தொடும் என்றும் விரித்து, விளையாட்டில் செலவுக்கு ஈடாக ஆற்றல் கிடைக்காத குறைபாடு என்ற பொருளில் ரெட்-எஸ் என்று பெயரிட்டது. பார்வைக்கு மெலியாத பிள்ளைக்கும் இது இருக்கலாம்.

பிறகு அவளைப் பரிசோதித்த பொது மருத்துவர்தான் முதலில் நாடியைப் பிடித்தார். ஓய்வில் நிமிடத்துக்கு 50-க்கும் கீழே இருந்தது. உடன் போயிருந்த நான், ஓட்டக்காரிக்கு நாடி மெதுவாகத்தானே சார் இருக்கும் என்றேன். பெருமையாகச் சொன்னதாகவே நினைவு. அவர் அவளைப் படுக்க வைத்தும் எழுந்து நிற்க வைத்தும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார், கால்களைப் பார்த்தார், கைமயிரைப் பார்த்தார், என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு அரைமணி நேரம் பேசினார். பயிற்சியால் வலுப்பெற்ற இதயம் மெதுவாகத் துடிப்பதற்கும், எரிபொருள் இல்லாத இதயம் செலவைக் குறைத்துக்கொண்டு மெதுவாகத் துடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் எனக்குப் பிறகு விளக்கினார். உணவுக் கோளாறு உள்ள வளரிளம் பிள்ளைக்குப் பகல்நேர நாடி 50-க்குக் கீழே போவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அறிகுறிகளில் ஒன்று. அன்றே சேர்த்தார்கள். உணவைக்கூட மெல்ல மெல்லத்தான் கூட்டினார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறதாம். ஊட்டி ஊட்டித் தேற்றிவிடலாம் என்று நினைக்கும் பாட்டிமார்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனநல மருத்துவரும் உணவியல் வல்லுநரும் சேர்ந்து கொடுத்த சிகிச்சையில் பாதிக்கு மேல் வீட்டில்தான் நடந்தது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையின் முறை அது: பிள்ளை என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற முடிவைச் சில காலத்துக்குப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்கிறார்கள், உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எழுத்தில் இரண்டு வரியாக இருக்கும் இதை அந்தத் தாய் ஏழு மாதம் செய்தார். ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பார். குளியலறைக்குள் குதிக்கும் சத்தம் கேட்டதால் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். நின்றுகொண்டே படிப்பது, உட்கார்ந்தாலும் தொடையை ஆட்டிக்கொண்டே இருப்பது, பால் வாங்கி வருகிறேன் என்று போய்த் தெருவை நான்கு முறை சுற்றுவது என்று நோய் புதுப்புது வழி கண்டுபிடித்தது. இரவில் அத்தை அருகில் படுத்துக்கொண்டார். என் பங்குக்கு, மருத்துவர் எழுதித் தரும்வரை நீ அணியில் இல்லை என்று நான் அவளிடம் நேரில் சொன்னேன். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

நோயின் பிடி தளர்ந்த பிறகு, ஒருநாள் மாலை பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு (ஆம், உட்கார்ந்துகொண்டு) அவள் சொன்னாள்: "ஓடுறது எனக்கு ஒருநாள்கூடப் பிடிச்சதில்ல மிஸ், அந்தக் கடைசி வருஷத்துல. ஓடலன்னா நெஞ்சுக்குள்ள யாரோ திட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும். ஓடி முடிச்சதும் அஞ்சு நிமிஷம் அது நிக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் ஓடினேன்."

கட்டாய உடற்பயிற்சியை அளப்பதற்காக 2011-இல் வெளியான 24 வாக்கிய வினாத்தாள் ஒன்று உண்டு. இன்று பல நாடுகளில் வளரிளம் பருவத்தினரிடமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பயிற்சியின் மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. ஒருநாள் விட்டுப்போனால் குற்றவுணர்வு வருகிறதா, உண்டதற்கு ஈடாகப் பயிற்சி செய்கிறாயா, அடிபட்ட நாளிலும் தொடர்கிறாயா, செய்யும்போது மகிழ்ச்சி இருக்கிறதா என்பவைதான் அதன் போக்கு. என் பத்தொன்பது ஆண்டு வருகைப் பதிவேட்டில் வந்த நாட்கள்தாம் இருக்கின்றன. வராத நாளில் ஒரு பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நாங்கள் பார்க்கத் தவறுவதற்குக் காரணமும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள், பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளில் ஒரு பிள்ளை தானாக ஓட வந்தால் கொண்டாடத்தான் தோன்றும். இன்னொன்று, இதெல்லாம் மேலைநாட்டுப் பணக்கார வீட்டு நோய் என்ற எண்ணம். 1990-களிலேயே சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே உணவு பற்றிய மன உளைச்சலை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் அணிப் பெண்ணின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார்.

மேலைநாட்டில் உச்சத்துக்குப் போனவர்களும் இதே இடத்தில் விழுந்திருக்கிறார்கள். 2013-இல் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 17 வயதில் 1500 மீட்டர் இறுதிச் சுற்று ஓடிய அமெரிக்கப் பெண் மேரி கெய்ன், எடையைக் குறைக்கச் சொல்லித் தொடர்ந்து தந்த அழுத்தத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்று ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய பயிற்சியாளர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். அதைப் படித்த இரவில், இலேசான பெண் வேகமாக ஓடுவாள் என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை இப்போது எங்கள் மைதானத்தில் யாரும் சொல்வதில்லை. எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். பெண்பிள்ளைகளிடம் மாதவிடாயைத் தனியே, சாதாரணமாகக் கேட்கிறேன். மூன்று மாதம் வரவில்லை என்றால் பயிற்சியை நிறுத்தி வீட்டாரை மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஜிம்முக்குப் போய் மார்பளவை அளந்து, புரோட்டீன் பவுடரும் வேகவைத்த முட்டை வெள்ளையுமாக வாழும் பையன்களிடமும் இதே பிடிவாதத்தைக் காண்கிறேன். அவர்கள் இளைக்காமல் தடிப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கைப்பேசியில் 10,000 அடி நிறையாமல் தூங்க மறுக்கும் பிள்ளைகளிடம், அந்த எண் 1965-இல் ஜப்பானில் ஓர் அடிக்கணிப்புக் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிலர் நம்புகிறார்கள். எங்கே போவது என்று தெரியாத பெற்றோருக்கு, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அட்டையில் எழுதி அலுவலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், தமிழிலும் பேசுகிறார்கள்.

இப்போது ஞாயிறு கட்டாய ஓய்வு. சென்ற சனிக்கிழமை எல்லோரும் கலைந்த பிறகு ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள். "மிஸ், ஞாயித்துக்கெழம மட்டும் நான் வீட்டுப் பக்கத்துலயே கொஞ்சம் ஓடிக்கிடட்டுமா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். ஏன்மா, ஓடாவிட்டால் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முன்பாக இருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன். படிக்கட்டில் என் அருகில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். நாளை மாலை நாலரை மணிக்கு அவளுடைய அம்மா பள்ளிக்கு வருகிறார்.